மாட் செய்த கேம் கன்சோல் வாங்கலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனுக்காக, தெரிந்தவர் சொன்ன கடையில் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றை 13,500 ரூபாய்க்கு வாங்கினேன். "ஜெயில்பிரேக் பண்ணது மேடம், நாற்பது கேம் உள்ளேயே இருக்கு, இனி காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். கேம் எல்லாம் ஓடுகிறது. ஆனால் நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடப் போனால் 2124-4007 என்று ஒரு எண் வந்து நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால், "ஆன்லைன் மட்டும் வராது, மத்தபடி நல்லா இருக்கு" என்கிறார். ரீசெட் செய்தால் சரியாகுமா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: ஆகாது. ரீசெட்டில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். மாட் செய்த, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்து மென்பொருளை மாற்றிய, கருவியில் அதைச் செய்தால் இப்போது ஓடுவதும் நின்றுபோகலாம்.

அந்த எண் வந்தால், அந்தக் கருவியை நின்டெண்டோ தன் ஆன்லைன் சேவையிலிருந்து தடை செய்துவிட்டது என்று பொருள். தடை உங்கள் மகனுடைய கணக்கின் மேல் இல்லை, கருவியின் மேல். ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்குள்ளும் அதற்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் சான்றிதழைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆன்லைனுக்குப் போகும்போதெல்லாம் கருவி அதைக் காட்டித்தான் உள்ளே நுழைகிறது. வண்டியின் சேசிஸ் எண் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தில் பெயர் எத்தனை முறை மாறினாலும், வண்டி மேல் இருக்கிற வழக்கு வண்டியோடுதான் வரும்.

மாட்டிக்கொள்வது எப்படி என்றால், கடையில் விற்கும் ஒவ்வொரு கேம் கார்ட்ரிட்ஜுக்குள்ளும் தனித்தனியாக ஒரு சான்றிதழ் உண்டு. ஒரே கார்ட்ரிட்ஜின் நகலை ஆயிரம் பேர் ஏற்றிக்கொண்டு ஆன்லைனில் வந்தால், சர்வருக்கு அது கண்டுபிடிக்கக் கஷ்டமான விஷயமே இல்லை. உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் அப்படி ஏதோ செய்திருப்பார். இனி உங்கள் மகன் அந்த நாற்பதையும் அழித்துவிட்டு, கடையில் பணம் கொடுத்துக் கேம் வாங்கினாலும் தடை நீங்காது.

"வேற மெஷின் சர்டிபிகேட் போட்டுத் தரேன், ஆன்லைன் வந்துடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இன்னொருவருடைய கருவியின் அடையாளம். இருவரில் ஒருவர் மாட்டினால் இருவருக்கும் போகும். அந்தப் பகுதியை மாற்றி எழுதும்போது ஏதாவது தவறி, பழைய நகலும் கையில் இல்லை என்றால் கருவியே போச்சு.

சரி, என்ன செய்யலாம்? கடைக்காரர் மாட் செய்தது என்று சொல்லித்தான் விற்றார், ஆனால் ஆன்லைன் தடை இருப்பதைச் சொல்லவில்லை. உங்கள் பிடி அந்த இடத்தில்தான். முதலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பில் தரவில்லை என்றால் யுபிஐயில் பணம் போன பதிவை எடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: "நாற்பது கேம் இலவசம் என்று தெரிந்துதான் வாங்கினீர்களா" என்று எதிர்த்தரப்பு கேட்கும். நீங்கள் வாதாட வேண்டியது தடையைப் பற்றி, இலவசக் கேமைப் பற்றி அல்ல.

அடுத்த முறை பழைய ஸ்விட்ச் வாங்கும்போது, பணத்தை எடுப்பதற்கு முன்னால் உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். (கணக்கில் ஈ-ஷாப் உள்ள ஒரு நாடு இருக்க வேண்டும்.) ஐந்து நிமிட வேலை. ஏர்பிளேன் மோடில் போட்டே காட்டுகிறார், "வைஃபை இங்க எடுக்காது" என்கிறார் என்றால் எழுந்து வந்துவிடலாம். ஈ-ஷாப் திறந்துவிட்டது என்பதாலேயே நிம்மதி அடையவும் முடியாது. மாட் செய்த கருவிக்குத் தடை பிறகும் வரலாம்.

கேள்வி: அண்ணா, அப்பா வாங்கித் தந்த பிஎஸ்பி 3000 (சோனியின் கையடக்க கேம் கருவி) பல வருடமாக அலமாரியில் கிடக்கிறது. டிஸ்க் சுற்றுவதே இல்லை. கஸ்டம் ஃபர்ம்வேர் (வெளியாட்கள் மாற்றி எழுதிய, கருவியை இயக்கும் மென்பொருள்) போட்டால் மெமரி ஸ்டிக்கிலிருந்தே கேம் ஓட்டலாமாம். ஆனால் செங்கல் ஆகிவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று பயமாக இருக்கிறது. (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: பயம் நல்லதுதான், ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து பயப்படலாம். கருவியை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற நிரல் அதன் உள் ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது. அங்கே எழுதும்போது பாதியில் நின்றாலோ, வேறு மாடலுக்கான கோப்பு ஏறினாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது திரையே வராது. திரை வராததால் திருத்துவதற்கும் வழி இருக்காது. செங்கல் என்று சொல்வது இதைத்தான். மெமரி ஸ்டிக்கில் என்ன எழுதினாலும், அதிகபட்சம் அந்த ஸ்டிக்கை ஃபார்மாட் செய்வதோடு முடிந்துவிடும்.

பிஎஸ்பி இந்தப் பாடத்தை ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டது. 2005-ல் வெளியில் சுற்றிய ஒரு கோப்பு, 2.0 ஃபர்ம்வேரைப் பழைய பதிப்புக்கு இறக்கித் தரும் என்று சொல்லிக்கொண்டது. ஓட்டிப் பார்த்தவர்களுடைய சிஸ்டம் கோப்புகளை அது அழித்துவிட்டது. கேம் கன்சோலுக்கென்று எழுதப்பட்ட முதல் ட்ரோஜன் (நல்ல நிரல் போல நடித்துக் கெடுக்கும் நிரல்) என்று அதைச் சொல்வார்கள். சில நாளிலேயே நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கும் அதே மாதிரி ஒன்று வந்தது. இரண்டிலும் ஆட்களை இழுத்தது இலவசக் கேம் ஆசைதான்.

பிறகு 2007-ல் பண்டோரா பேட்டரி வந்தது. பேட்டரிக்குள் இருக்கும் வரிசை எண்ணை மாற்றி எழுதினால், பிஎஸ்பி தான் சர்வீஸ் சென்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து தொடங்கும். செத்த கருவிகள் கூட்டமாக எழுந்து வந்தன. மாடல் எண்ணைப் பார்க்காமல் ஏதோ ஒரு கோப்பை ஏற்றிச் சாகடித்த என் பிஎஸ்பியும் நண்பனுடைய பண்டோரா பேட்டரியால்தான் பிழைத்தது. அதைப் பார்த்து "இனி என்ன வேணும்னாலும் பண்ணலாம்" என்ற தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

சோனி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2000 மாடலின் கடைசிக் கட்ட போர்டுகளிலும், 2008-ல் வந்த 3000-லும் அந்தப் பின்கதவை மூடிவிட்டது. ஆகவே பழைய குறிப்புகளில் "செங்கல் ஆனால் பண்டோரா இருக்கிறது" என்று படித்தால், அது உங்கள் கருவிக்கு அப்படியே பொருந்தாது.

உங்களுக்கு நான் சொல்வது: நிரந்தரமாக ஏறும் வகையைத் தொடாதீர்கள். தற்காலிக வகை இருக்கிறது. அது கருவி ஓடும்போது நினைவகத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும். முழுக்க அணைத்தால் போய்விடும், அடுத்த முறை மெமரி ஸ்டிக்கிலிருந்து மறுபடி இயக்க வேண்டும். பத்து நொடி அதிக வேலை, அவ்வளவுதான். அதற்கு முன் ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு என்று செட்டிங்ஸில் பாருங்கள். சோனி பிஎஸ்பிக்குக் கடைசியாக வெளியிட்டது 2015-ல் வந்த 6.61. அதையும் விட முக்கியம், பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். இத்தனை வருடம் கிடந்த பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், அமுக்கியும் பார்க்க வேண்டாம், கழற்றிவிடுங்கள். ஃபர்ம்வேர் பேச்செல்லாம் நல்ல பேட்டரி கைக்கு வந்த பிறகு.

உங்களிடம் இருக்கும் டிஸ்க்குகளைத்தான் ஓட்டப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது ஸ்விட்ச் ஓஎல்இடி. முதல் மாடல்களை ஒயர் வைத்தே மாட் செய்துவிட்டார்களாமே, எனக்கு மட்டும் சிப் வைத்து சால்டர் பண்ண வேண்டும், 6,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (மதுரை)

பதில்: அதில் ஏமாற்று இல்லை. 2018 ஏப்ரலில் ஸ்விட்ச்சின் டெக்ரா எக்ஸ்1 சிப்பில் ஒரு ஓட்டை வெளியானது. ஓட்டை இருந்தது, சிப் தயாரிக்கும்போதே பதித்துவிடும் பூட்ரோமில், அதாவது கருவி எழும்போது முதலில் ஓடும் நிரலில். அதை அப்டேட் அனுப்பி அடைக்க முடியாது. அதனால் 2017-லும் 2018-ன் முதல் பாதியிலும் தயாரானவை இன்றைக்கும் திறந்தே கிடக்கின்றன. அதன் பிறகு வந்தவற்றில், லைட், ஓஎல்இடி உட்பட, அந்த வழி அடைபட்டது. இப்போது கருவி எழும் நொடியில் மின்னழுத்தத்தைத் துல்லியமாக ஒரு தட்டுத் தட்டித் தடுமாற வைக்கிறது ஒரு குட்டி சிப். அதை ப்ராசஸருக்குப் பக்கத்தில் மிகச் சிறிய பாகங்களின் மேல் சால்டர் செய்ய வேண்டும். ஓஎல்இடியில் மெமரி சிப்புக்கு அடியிலேயே ஒரு புள்ளியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மைக்ராஸ்கோப் வைத்துத் தினமும் ஃபோன் போர்டு பார்ப்பவர் செய்தாலே கை நடுங்கும் வேலை. போர்டு போனால் 6,000-ஐ அவர் திருப்பித் தந்தாலும் ஸ்விட்ச்சை யார் தருவது?

கொடுத்தே தீருவேன் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எழுதும் முன் உள் மெமரி முழுவதையும் நகல் எடுத்து என்னிடம் தருவீர்களா? மாட் உள் மெமரியில் ஏறுமா, இல்லை எஸ்டி கார்டில் தனிப் பிரதியாக ஓடுமா? போர்டு போனால் என்ன கணக்கு? முதல் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்ல சார்" என்று பதில் வந்தால் கருவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நகலில் உங்கள் கருவிக்கே உரிய சாவிகளும் அந்தச் சான்றிதழும் இருக்கின்றன. வேறு எந்த ஸ்விட்ச்சின் நகலும் அதற்கு ஈடாகாது. எஸ்டி கார்டும் சந்தையில் 512 ஜிபி என்று ஸ்டிக்கர் ஒட்டிய போலியாக இருந்தால், பாதி நிரம்பியதும் எழுதியதெல்லாம் குழம்பிப்போகும்.

காசு வாங்கிக்கொண்டு விற்கும் மாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவியைச் செங்கல் ஆக்குவது கம்பெனிதான் என்று பலர் நினைக்கிறார்கள். நின்டெண்டோ 3டிஎஸ்ஸில் கேம் நகல்களை ஓட்ட வந்த கேட்வே கார்டு, தன்னைக் காப்பியடித்த போலிக் கார்டுகளை ஒழிக்க 2014 தொடக்கத்தில் ஒரு அப்டேட்டுக்குள் கருவியை முடக்கும் நிரலை வைத்தது. ஸ்விட்ச்சுக்கு வந்த எஸ்எக்ஸ் ஓஎஸ் என்ற மாட் மென்பொருளிலும் 2018-ல் அப்படி ஒன்று இருந்தது தெரியவந்தது. அதன் நிரலை நோண்டினால் உள் மெமரிக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடும். அதை விற்ற டீம் எக்ஸிகியூட்டரைச் சேர்ந்த கேரி பௌசருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் சத்தம் போட முடியாது என்பார்கள். செங்கலானவர்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாம் அல்லவா? (திருச்சி)

பதில்: ஸ்விட்ச்சில் அவ்வளவு சுலபமில்லை. சில ஃபர்ம்வேர் பதிப்புகள் ஏறும்போது ப்ராசஸருக்குள் ஒரு நுண் ஃப்யூஸை எரித்துவிடுகிறார்கள். எரிந்தது எரிந்ததுதான். பழைய பதிப்பை வைத்தால், எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று கருவி கிளம்ப மறுக்கும். மாட் அந்தச் சோதனையைத் தாண்டிப் போகும், ஆனால் அப்புறம் ஒவ்வொரு முறையும் மாட் வழியாகத்தான் ஆன் செய்ய வேண்டும்.

கேள்வி: நின்டெண்டோவே தூரத்திலிருந்து என் கன்சோலை முடக்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது? (கோயம்புத்தூர்)

பதில்: 2025 மே மாதம் நின்டெண்டோ அமெரிக்கக் கணக்குகளுக்கான ஒப்பந்தத்தைத் திருத்தியது. பாதுகாப்பை மீறினால் கருவியை முழுமையாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அடுத்த மாதமே ஸ்விட்ச் 2 வந்தது. கேம் நகல்களை ஓட்டும் கார்டு போட்டவர்களின் கருவிகளுக்கு ஆன்லைன் தடை விழுந்தது. கேம் ஓடும், இணையச் சேவை கிடையாது. ஈரோடு வாசகிக்கு நேர்ந்ததேதான். இதைத் தெரியாமல் பழையதாக வாங்கி ஏமாந்தவர்கள் அதிலும் உண்டு.

இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. 'நோக்கத்தோடு' என்ற சொல் அதில் இருக்கிறது, கவனியுங்கள். வாரண்டியைப் பொறுத்தவரை, இங்கே விற்கும் ஸ்விட்ச் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, கடைக்காரர் தரும் வாரண்டிதான் உங்களுக்கு வாரண்டி. கருவியைத் திறந்த தடயம் இருந்தால் அவர் முதலில் காட்டுவது அதைத்தான்.