வாசகர் கேள்விகள்: 184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு ஆகாய தூரம் 184 கி.மீ., பறக்கும் நேரம் 44 நிமிடம் என்று ஓர் இணையதளத்தில் பார்த்தேன். டிக்கெட்டில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. எது சரி?
*- வாசகர், மன்னார்குடி*

தூரம் சரி. நேரத்தை நம்பாதீர்கள். இப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் எல்லா ஊருக்கும் ஒரே கணக்குதான் போடுகின்றன: மணிக்கு 800 கி.மீ. வேகம், ஏற இறங்க 30 நிமிடம். 800 கி.மீ. என்பது ஜெட் வேகம். பலாலிக்குப் பறப்பது ஏடிஆர் 72. இறக்கை விசிறி சுழலும் அந்த விமானம் முழு வேகத்தில் போனாலே மணிக்கு 510 கி.மீ.தான். அந்த வேகத்திலும் 22 நிமிடம் ஆகும். ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் மேலேறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதால், முழு வேகத்தில் போவது கொஞ்ச நேரமே.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிற்கும் விமானம் உருளாமல் சக்கரத்தில் கட்டை வைத்திருப்பார்கள்; இங்கே அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே கட்டை வைக்கும் வரை கணக்கு. பல சிறு நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையாகத் தனிப் பாதை கிடையாது. இறங்கிய விமானம் ஓடுபாதையின் கோடிவரை போய்த் திரும்பி, அதே பாதையில் ஊர்ந்து வர வேண்டும். அதுவரை அடுத்த விமானம் வானத்தில் வட்டமடிக்கும். கையிருப்பாகச் சில நிமிடங்களையும் விமான நிறுவனம் சேர்த்துக்கொள்கிறது.

விமான சேவை இல்லாத இரண்டு ஊர்களுக்கு இடையே தூரத்தை நாமே கணக்கிட முடியுமா? உதாரணமாக, தஞ்சாவூர் விமானப்படைத் தளம் – பலாலி?
*- வாசகர், திருவையாறு*

தாராளமாக. தஞ்சாவூர் தளம் அட்சரேகை 10.72, தீர்க்கரேகை 79.10. பலாலி 9.79, 80.07. வித்தியாசம் 0.93, 0.97. ஒரு பாகை (டிகிரி) அட்சரேகைக்கு 110.6 கி.மீ. என்பதால், முதலாவதை 110.6-ஆல் பெருக்கினால் 103 கி.மீ. இரண்டாவதை நம் பகுதிக்கு 109.5-ஆல் பெருக்க வேண்டும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் இந்த எண் குறையும். விடை 106 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 148 கி.மீ.

பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். 10 பாகை 43 கலை (கலை என்பது பாகையில் 60-ல் ஒரு பங்கு) என்று இருப்பதை 10.43 என எழுதிவிடுவார்கள். கலையை 60-ஆல் வகுக்க வேண்டும். 43 கலை என்றால் 0.72. இதைக் கவனிக்காவிட்டால் வடக்கு–தெற்கில் மட்டும் 32 கி.மீ. பிசகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இந்த முறை உதவாது. அங்கே பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும்.

ஆடிக்காற்றில் பயண நேரம் கூடுமா?
*- வாசகர், கும்பகோணம்*

போகும்போது குறையும், வரும்போது கூடும். மேற்கிலிருந்து காற்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வீசினால், தென்கிழக்கே போகும் விமானத்துக்கு அதில் சுமார் 40 கி.மீ. பின்துணை, திரும்பும்போது அதுவே எதிர்ப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் சில நிமிடம்தான். திருச்சியில் மேற்கு நோக்கிக் கிளம்பிப் பிறகு வளைந்து திரும்புவதால் இன்னும் சில நிமிடம் போகும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது சாலை நேரத்தைப் பற்றித்தான். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 100 கி.மீ.; காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானம் என்பதால் 3 மணி நேரம் முன்பே அங்கே இருப்பது நல்லது. மதியம் 1 மணி விமானத்துக்குக் காலை ஏழரைக்குள் வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். இலங்கைக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே.