அப்பீல் நாள் தாண்டிப்போச்சா? வாசகர் கேள்விக்கு வக்கீல் பதில்

கேள்வி: சார், என் தம்பிக்கு கொலை முயற்சி கேஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்ல 7 வருஷம் போட்டுட்டாங்க. இப்ப மதுரை சென்ட்ரல் ஜெயில்ல இருக்கான். தீர்ப்பு வந்து நாலு மாசம் ஆச்சு. ஃபீஸ் கட்ட பணம் புரட்டுறதுக்குள்ள டைம் போயிடுச்சு, இனிமே அப்பீல் போட முடியாதுன்னு ஊர்ல சொல்றாங்க. உண்மையா?
(வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: ஊர்ல சொல்றதை விடுங்கம்மா, போடலாம். செஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு ஹைகோர்ட்டுல அப்பீல் போட 60 நாள், உங்களுக்கு மதுரை பெஞ்ச். அதை நாலு மாசம்னு மொத்தமா கணக்கு பண்ணாதீங்க, தீர்ப்பு சொன்ன நாள் சேராது, சர்டிஃபைட் காப்பிக்கு (கோர்ட் முத்திரையோட தர்ற தீர்ப்பு நகல்) மனு போட்டு அது ரெடியாக எடுத்த நாளும் கழியும். காப்பியிலயே மனு போட்ட தேதி, ரெடியான தேதி எல்லாம் முத்திரை குத்தி எழுதியிருப்பாங்க, அதை முதல்ல பாருங்க. ஆனா ரெடியான பிறகு நீங்க போய் வாங்காம விட்ட நாள் கழியாது, அறுபது நாள் முடிஞ்ச பிறகு காப்பிக்கு மனு போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

மிச்சம் எத்தனை நாள் லேட்டோ அதை மன்னிக்கச் சொல்லி லிமிடேஷன் சட்டம் (காலவரம்பு சட்டம்) 5-வது பிரிவுல ஒரு மனு, கூட காரணத்தைச் சொல்லி ஒரு அஃபிடவிட். இங்கதான் நம்மாளுங்க சொதப்புறாங்க. யாரைக் கேட்டாலும் லேட்டுக்குக் காரணம் மஞ்சள் காமாலைன்னு எழுதிடறாங்க, தமிழ்நாட்டுல இத்தனை பேருக்கு காமாலை வந்திருந்தா கீழாநெல்லி விலை எங்கயோ போயிருக்கும்! ஜெயில்ல இருக்கான், வீட்ல சம்பாதிக்க ஆள் இல்ல, பணம் இல்லன்னு நடந்ததை தேதியோட எழுதுங்க. ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு சொல்லுன்னு கறாரா பிடிக்கக்கூடாதுன்னு 1987-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஜெயில்ல இருக்கறவரோட அப்பீலை நாலஞ்சு மாச லேட்டுக்காக தூக்கிப்போடறது அபூர்வம்.

அப்ப லேட்டானா என்ன நஷ்டம்னா, அந்த மனு முதல்ல ஏத்துக்கப்படணும், அரசு தரப்புக்கு நோட்டீஸ் போகணும், அதுக்கப்புறம்தான் அப்பீலுக்கு நம்பர் விழும், நம்பர் விழுந்தாத்தான் தண்டனையை நிறுத்தி வெச்சு ஜாமீன் கேக்கற மனுவே நகரும். அதுவரைக்கும் உங்க தம்பி உள்ளதான் இருக்கணும். அதனால இன்னும் பணம் சேரட்டும்னு உக்காராதீங்க. ஜெயில்ல இருக்கறவருக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, இல்ல 15100-க்கு போன் பண்ணுங்க. தம்பியே ஜெயில் சூப்பிரண்டு கையில அப்பீல் மனுவைக் குடுத்தாலும் அவர் கோர்ட்டுக்கு அனுப்பியே ஆகணும், புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல 424-வது பிரிவு. தண்டனை கைதிக்கு தீர்ப்பு நகல் ஒண்ணு ஃப்ரீயா அன்னைக்கே குடுத்திருக்கணும், அடுத்த தடவை ஜெயில்ல தம்பியைப் பாக்கறப்ப அது அவன்கிட்ட இருக்கான்னு கேளுங்க.

கேள்வி: செக் பவுன்ஸ் கேஸ்ல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல எனக்கு ஒரு வருஷம், அப்பீல் போக தண்டனையை ஒரு மாசம் நிறுத்தி வெச்சாங்க. அது முடிஞ்சு 20 நாள் ஆச்சு. என்ன பண்றது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: உங்களுக்கு 30 நாள்தான், செஷன்ஸ் கோர்ட்டுல போடணும். 20 நாள் லேட்டுக்கும் அதே 5-வது பிரிவு மனுதான், அது பெரிய விஷயமில்ல. நிறுத்தி வெச்ச காலம் முடிஞ்சுபோச்சே, அதான் ஆபத்து, எந்நேரமும் பிடிவாரண்ட் வரலாம். அப்பீல் போறப்ப அபராதம் அல்லது நஷ்டஈட்டுத் தொகையில குறைஞ்சது 20 சதவீதம் கட்டச் சொல்லுவாங்க, பெரும்பாலும் 60 நாள் டைம் குடுப்பாங்க. அந்தப் பணத்துக்கு இப்பவே ஏற்பாடு பண்ணிட்டு, இந்த வாரமே வக்கீலைப் பாருங்க.