டிஸ்கூசியா என்றால் என்ன? ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

அம்மாவின் டிஸ்சார்ஜ் தாளில் ‘டிஸ்கூசியா’ என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, எது சரி, அது என்ன நோய் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எழுத்து. டி, ஒய், எஸ், ஜி, இ, யு, எஸ், ஐ, ஏ. தகராறெல்லாம் நடுவில் வரும் ‘இ, யு’வில்தான். பலர் அதை ‘யு, இ’ என்று திருப்பிப் போட்டுவிடுவார்கள். நானும் போட்டவள்தான். குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே டாக்டர்களின் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் இந்த ஒரு சொல்லுக்காக மூன்று முறை ஃபைல் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. அப்புறம் ஒரு வழி பிடித்தேன்: ஏ பி சி டி வரிசையில் எது முன்னால் வருகிறதோ அதுதான் இங்கேயும் முன்னால். அதன்பின் தப்பவில்லை. உச்சரிப்பில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. ‘தங்கம்’ என்பதில் வரும் க போலச் சொல்பவர்களும் உண்டு, ‘ஜூ’ என்பவர்களும் உண்டு.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘கியூசிஸ்’ என்றால் சுவை. முன்னால் நிற்கும் ‘டிஸ்’ நம் ‘துர்நாற்றம்’ என்பதில் உள்ள ‘துர்’ருக்குச் சொந்தக்காரன், கெட்டது என்று பொருள். ஆக, சுவை கெட்டுத் திரிந்திருக்கிறது. சுவையே தெரியவில்லை என்றால் அதற்கு ‘ஏகூசியா’ என்று வேறு பெயர். மங்கலாகத் தெரிந்தால் ‘ஹைப்போகூசியா’. நம் ஊர்ப் பேச்சிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ‘நாக்கு செத்துப்போச்சு’ என்பது ஒன்று, ‘வாய் கசக்குது’ என்பது இன்னொன்று. டிஸ்கூசியா இரண்டாவதற்கு நெருக்கம்.

இத்தனை வருஷம் டைப் அடித்தும், இது எப்படி இருக்கும் என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது. அவர் டெய்லர். போன வருஷம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அம்மா வைத்த கத்தரிக்காய்க் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். “நாக்கு நீண்டு போச்சு உங்கப்பனுக்கு” என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா என்னைப் பார்த்து, “குண்டூசிய வாயில கவ்விக்கினு தைப்பேனே, அந்த ருசிதாம்மா கீது. தண்ணி குடிச்சாலும் அதான்” என்றார். நாற்பது வருஷம் உதட்டில் ஊசி பிடித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். புத்தகங்களில் ‘உலோகச் சுவை’ என்று இருப்பது இதுதான். அந்த மாத்திரைக்கு இது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்று அடம்பிடித்தார். பல் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன், முடிக்கச் சொன்னார். கோர்ஸ் முடிந்த சில நாளில் சரியாகிவிட்டது.

ஆகவே, உங்கள் கேள்விக்கு: இது தனி நோயின் பெயர் இல்லை, ஓர் அறிகுறியின் பெயர். கிளாரித்ரோமைசின், கேப்டோப்ரில் போன்ற மருந்துகள், கீமோதெரபி, தலை கழுத்துப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு, வாய் உலர்வு, துத்தநாகக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் என்று காரணங்கள் பல. அம்மாவுக்கு எது என்று தாளைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள், வேலை பாதி முடியும். சுவை மாற்றத்தோடு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஓடுங்கள். நாக்கின் முன்பகுதிச் சுவையைச் சுமப்பது முக நரம்பின் கிளைதான்.

இன்னொன்று. சுவை போச்சு என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் போயிருப்பது மோப்பம், கொரோனா சமயத்தில் பார்த்தோமே. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை சர்க்கரையும் அப்புறம் உப்பும் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பு இனிப்பாகவும் உப்பு உப்பாகவும் தெரிந்தால் நாக்கு பெரும்பாலும் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாளில் ‘யு, இ’ என்று இருக்கிற இடத்தைப் பார்த்து இன்னொரு நோய் என்று பயப்பட வேண்டாம். என்னைப் போல யாரோ ஒருத்தி அவசரத்தில் அடித்திருப்பாள்.