நாலு பிரதி யாருக்கு? நூலகம் பற்றி வாசகர் கேள்விகள்

கே: எங்கள் வட்டாரத்துக் கால்பந்து பற்றி ஒரு சின்ன நூல் எழுதி, சொந்தக் காசில் மண்ணடி அச்சகம் ஒன்றில் 300 பிரதி போட்டேன். ஐஎஸ்பிஎன் வாங்கியாகிவிட்டது, இனி எந்த நூலகத்துக்கும் அனுப்பத் தேவையில்லை என்கிறார் அச்சகக்காரர். சரியா?
– வாசகர், வியாசர்பாடி

ப: தவறு. ஐஎஸ்பிஎன் வெறும் அடையாள எண். அதை வாங்கினால் புத்தகம் தானாக எங்கும் போய்ச் சேராது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதியைப் பதிப்பாளர் தம் செலவில் கொடுக்க வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், எழும்பூர் கன்னிமாரா, டெல்லி பொது நூலகம், மும்பை டவுன் ஹாலில் உள்ள மாநில மைய நூலகம். உங்கள் நூலுக்கு நீங்கள்தான் பதிப்பாளர், அச்சகக்காரர் அல்ல. எத்தனை பிரதி அச்சிட்டீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. சிறு வெளியீடும், தனியாக அச்சிட்ட வரைபடமும்கூட இதில் அடங்கும்.

கெட்டி அட்டையிலும் சாதா அட்டையிலும் போட்டிருந்தால் கொல்கத்தாவுக்குக் கெட்டி அட்டையைத்தான் அனுப்ப வேண்டும். அங்கே போகும் பிரதிக்கு இருப்பதில் நல்ல தாள், முழுப் படங்கள், ஒழுங்கான கட்டு என்பது விதி. மற்ற மூன்றுக்கும் விற்பனைப் பிரதி போலவே இருந்தால் போதும். பக்கம் மாறிய, மை பரவிய பிரதிகளை நூலகத்துக்கென்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். பதிப்பாளர் முகவரியும் வெளியான ஆண்டும் உள்ளே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு இல்லையென்றால் பட்டியல் எழுதுபவர் ஊகித்துத்தான் போடுவார். அந்த ஊகமே நிலைத்துவிடும்.

கன்னிமாராவுக்குத் தபால் வேண்டாம். பாந்தியன் சாலைக்கு நேரில் போய்க் கொடுத்து, எழுத்தில் ரசீது வாங்கி வையுங்கள். ரசீது தருவது அவர்கள் கடமை. மற்ற மூன்றுக்கும் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றமே இல்லாத மறுபதிப்பை மீண்டும் அனுப்ப வேண்டாம். ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தால் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் அபராதம் 50 ரூபாய் வரை, அதோடு நூலின் விலை. இன்றைக்கு அந்த 50 ரூபாய்க்கு ஒரு பிளேட் பிரியாணி வராது. அதனால்தான் பலரும் கண்டுகொள்வதில்லை.

கே: தேசிய நூலகம் தலைநகரில் இல்லாமல் கொல்கத்தாவில் ஏன்?
– வாசகர், ராயபுரம்

ப: அது உருவானபோது தலைநகரம் கல்கத்தாதான். 1836இல் அங்கே ஒரு பொது நூலகம் தொடங்கியது. 1891இல் அரசுத் துறை நூலகங்களைச் சேர்த்து இம்பீரியல் நூலகம் ஆக்கினார்கள். இரண்டையும் இணைத்து 1903 ஜனவரி 30இல் மெட்காஃப் ஹாலில் மக்களுக்குத் திறந்தவர் வைஸ்ராய் கர்சன். 1948இல் சட்டம் போட்டுப் பெயரைத் தேசிய நூலகம் என்று மாற்றினார்கள். இப்போதைய இடமான பெல்வெடேர் மாளிகையில் 1953 பிப்ரவரி 1 அன்று அதை மௌலானா ஆசாத் திறந்து வைத்தார்.

அங்கே ஒப்படைக்கப்படும் பிரதிகளைப் பார்த்துத்தான் இந்திய தேசிய நூற்பட்டியல் தயாராகிறது. கொல்கத்தாவுக்குப் போகாத தமிழ் நூல் அதில் ஏற வழியில்லை. நம் ஊர்ச் சிறு வெளியீடுகள் பலவும் காணாமல் போவது இங்கேதான்.

கே: நூலகங்களின் இணையப் பட்டியலில் பழைய தமிழ் நூல்களைத் தேடினால் ‘இல்லை’ என்றே வருகிறது.
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

ப: பெரும்பாலும் நூல் இருக்கும், எழுத்துக்கூட்டல்தான் உதைக்கும். பல பட்டியல்களில் தமிழ்த் தலைப்பை ரோமன் (ஆங்கில) எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். அந்த முறையில் ‘ழ’வுக்கு நாம் போடும் ‘இசட் எச்’ கிடையாது, அடிக்கோடிட்ட ‘எல்’தான். ‘ச’வுக்கு ஆங்கில எழுத்து ‘சி’. ஆகவே சென்னை என்பதை ‘எஸ்’ அல்லது ‘சிஎச்’ போட்டுத் தேடினால் வராது. தலைப்பில் சிக்கலில்லாத ஒரே ஒரு சொல்லையும் ஆண்டையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயரை முன்னெழுத்தோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை தேடுங்கள். கிடைத்ததும் அழைப்பெண்ணை, அதாவது நூல் அடுக்கில் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்ணை, புள்ளி, கோடு விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அடுக்கிலிருந்து வேறு புத்தகம் வரும்.