பழைய மதில், பழைய வீடு, மண்ணுக்குள் கிடைத்த செம்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓல்டு ஜெயில் ரோட்டில் மிச்சமிருக்கும் பழைய மதிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மகனுக்காக மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும். மாநகராட்சி பிளான் அப்ரூவல் வாங்கினால் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: போதாது. 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் பட்டணத்தைச் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி எழுப்பிய அரணில் எஞ்சிய துண்டு அது. அதைக் கட்டும் செலவுக்காக விதிக்க நினைத்த வரிதான் 'வால்டாக்ஸ்' சாலையின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மதில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதனால் பழைய சின்னங்களைக் காக்கும் மாநில அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. அதே நோக்கத்துக்கான 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் அதற்கு 2010இல் வந்த திருத்தமும்தான் செல்லும்.

முதலில் தூரத்தை அளந்து பாருங்கள். தெரு வழியே நடந்து போகும் தூரம் கணக்கில்லை. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து உங்கள் மனைக்கு நேர்க்கோட்டில் எத்தனை மீட்டர் என்பதே கணக்கு. முதல் 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு வெளியே அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி.

100 மீட்டருக்குள் வீடு இருந்தால் மாடிக்கு வழியில்லை. இருக்கும் வீட்டின் மேலேயோ பக்கத்திலேயோ நீட்டிப்பதும் புதுக் கட்டுமானம் என்றே சட்டம் சொல்கிறது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடு என்றால் பழுது பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழுதுபார்ப்பு என்று மனு போட்டு அனுமதி வாங்கிவிட்டு, தளத்துக்கு மேலே தூண் கம்பியை நீட்டிவிடுகிறார்கள். 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

100 மீட்டருக்கு வெளியே, 300க்குள் என்றால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று வாங்கிக் கட்டலாம். பத்திரம், பிளான், எலிவேஷன், இப்போதைய வீட்டின் போட்டோக்கள், மதிலுக்கும் மனைக்கும் உள்ள தூரம் தெரியும் கூகுள் எர்த் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உயரத்தைக் குறிக்கும்போது மாடிப்படிக் கூண்டு, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். தளம் வரைக்கும் மட்டும் எழுதிக்கொடுத்து, பிறகு தொட்டி வைக்கும்போது அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மனுவைப் பெறும் 'தகுதி அதிகாரி' (competent authority) அதை 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையத்துக்கு 2 மாதம், பிறகு முடிவைத் தெரிவிக்க 1 மாதம். ஆக, சுமார் 4 மாதம் கையில் வைத்துக்கொண்டு, சான்று வந்த பிறகு மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. மெட்ராஸ் டெரஸ் (தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு போட்ட தளம்), சுண்ணாம்புச் சுவர். நூறு வருடம் ஆன வீட்டை யாரும் இடிக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வயது மட்டும் எந்த வீட்டையும் காப்பாற்றாது. இது எங்களுக்கும் வருத்தம்தான். மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டுமானால் அரசிதழில் அறிவிக்கை வந்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த நிலையில், சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு கவனிக்கும் கட்டடப் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்கள் கதவு எண் அதில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மூலப்பத்திர நகல், அறை அறையாக போட்டோ, அளவு போட்ட வரைபடம் மூன்றையும் வைத்துச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம். இப்படிப்பட்ட கட்டடங்களைக் காக்க வந்த தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இலேயே இயற்றப்பட்டது. அமலுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தில் இழந்த வீடுகள் திரும்பி வரப்போவதில்லை.

மனு ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டைக் கவனியுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். கடலோரக் காற்றின் உப்பும் தரை ஈரமும் சுண்ணாம்பு வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. பூச்சு நன்றாகத்தான் தெரியும். அதற்குப் பின்னால் செங்கல் மாவாக உதிரும், விரலால் சுரண்டினாலே கையோடு வரும். டெரஸ் ஒழுகினால் முதலில் தேக்கு உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் தட்டிப் பாருங்கள், அழுகல் தொடங்குவது அங்கேதான். மேலே தட்டோட்டு இடுக்குகளையும் சுண்ணாம்புக் கலவையாலேயே அடையுங்கள்.

கேள்வி: செப்டிக் டேங்க் தோண்டும்போது பழைய காசுகள் நிறைந்த செம்பு ஒன்று கிடைத்தது. என்ன செய்வது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: தோண்டுவதை நிறுத்துங்கள். காசுகளைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். மறைத்தால் உங்கள் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. முறையாகச் சொன்னால், உரிமை கோரி வேறு யாரும் வராத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். செம்பு கிடைத்தது குழி தோண்டிய கூலியாளின் கையில் என்றால் கண்டெடுத்தவர் அந்தக் கூலியாளே, அவர் பெயரையும் கடிதத்தில் எழுதுங்கள்.