பிலிப்பைன்ஸ் இணையக் கதைகளும் உலகத் தொன்மங்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாட்பேட் செயலியில் பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர்கள் ஆங்கிலத்தில் எழுதும் தொடர்கதைகளை விரும்பிப் படித்துவருகிறேன். ஹேடிஸ், பெர்செபனி, லோகி என்று கிரேக்க, நார்ஸ் (வட ஐரோப்பிய) தெய்வங்களே அவற்றில் அடிக்கடி வருகின்றன. அந்த நாட்டுக்கென்று சொந்தத் தொன்மங்கள் இல்லையா? ஏன் அயல்நாட்டுத் தெய்வங்களைத் தேடிப்போகிறார்கள்?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: சொந்தத் தொன்மங்கள் அங்கே ஏராளம், அவற்றைப் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருப்பதால் அதைப் பிறகு பார்ப்போம். அயல்நாட்டுத் தெய்வங்களைத் தேடிப்போகும் தேவை அந்த இளைஞர்களுக்கு இல்லை. பள்ளிக்கூடத்திலேயே அவர்களை அறிந்துகொண்டுவிடுகிறார்கள். 2010களில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், பத்தாம் வகுப்பு ஃபிலிப்பினோ மொழிப்பாடம் உலக இலக்கியத்தை மையமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அதில் கியூபிட், சைக்கி ஆகியோரின் காதல் கதையும், கில்காமெஷ் காப்பியத்தின் பகுதியும், தோரும் லோகியும் அரக்கர் நாட்டுக்குப் பயணம் போன ஐஸ்லாந்துக் கதையும், கென்யாவின் லியோங்கோ கதையும் ஃபிலிப்பினோ மொழிபெயர்ப்பில் இடம்பெற்றன. பதினைந்து வயதில் தாய்நாட்டு மொழியில் பாடமாகப் படித்த ஒரு தெய்வத்தை ஒரு மாணவி அந்நியராக எண்ணுவதில்லை. அடுத்த ஆண்டு அவள் கைப்பேசியில் கதை எழுத உட்காரும்போது அந்தத் தெய்வம் இயல்பாகவே வந்து நிற்கிறது.

ஆனால் இந்தப் பழக்கம் பாடத்திட்டத்தைவிட மிகவும் பழையது. பிலிப்பைன்ஸ் மாணவர் ஒவ்வொருவரும் படித்தாக வேண்டிய செய்யுள் காவியம் ஒன்று உண்டு. பிரான்சிஸ்கோ பாலக்தாஸ் 1838இல் வெளியிட்ட ‘ஃப்ளோரந்தேவும் லவுராவும்’ என்ற அந்தக் காவியம், அடிக்குப் பன்னிரண்டு அசைகளாக, நான்கு அடிகள் கொண்ட 399 பாடல்களில், இன்றைய ஃபிலிப்பினோ மொழிக்கு அடிப்படையான தகலோக் மொழியில் இயற்றப்பட்டது. கதை நடப்பதோ ஐரோப்பாவின் அல்பேனியாவில். காட்டில் மரத்தோடு கட்டப்பட்டுச் சிங்கங்களுக்கு இரையாகவிருந்த அல்பேனிய வீரனைப் பாரசீக இளவரசன் அலாதின் காப்பாற்றுகிறான். கிரேக்கத் தொன்மங்களின் அழகர்களான நார்சிசஸும் அடோனிஸும் உவமைகளாக வருகிறார்கள்; கிரேக்கரின் பாதாளத்து ஆறும் வருகிறது. அல்பேனியாவில் கொடுங்கோலன் ஆட்சியில் நேர்மை புதைக்கப்பட்டு வஞ்சகம் அரியணை ஏறிவிட்டது என்று ஃப்ளோரந்தே கதறும் பகுதியைத் தங்கள் நாட்டின் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான குரலாகவே பிலிப்பைன்ஸ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிறார்கள். தணிக்கையின் கண்முன்னே சொந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாததை, கடல் கடந்த ஒரு ராஜ்யத்தின் பெயரில் சொல்லிவிடலாம் என்பதை அந்தக் கவிஞர் கண்டுகொண்டார்.

இன்றைய இணையக் கதைகளிலும் அதே வேலை நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மனிதத் தாய்க்கும் தெய்வத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை, தந்தையின் முகம் அறியாமல் வளர்ந்து, பின்னர் தெய்வப் பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்கிறது என்பது இவ்வகைக் கதைகளின் வழக்கமான தொடக்கம். இந்த அமைப்பு அமெரிக்க இளையோர் நாவல்களிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சுமார் 1 கோடிப் பேர் வெளிநாடுகளில் வாழ்கின்ற, பணம் மாதந்தோறும் வந்தும் பெற்றோர் வராத வீடுகள் நிறைந்த ஒரு நாட்டில், எட்டாத உயரத்தில் இருந்துகொண்டு எப்போதாவது அருள் அனுப்பும் தந்தையைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால், அது இரவல் கதையாகவே நின்றுவிடுமா? அப்படி நின்றுவிடாது என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: இணையத் தொடர்கதை அந்த நாட்டில் மட்டும் இவ்வளவு செல்வாக்குப் பெற்றது எப்படி?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: தொடர்கதை படிக்கும் பழக்கம் அங்கே நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1922இல் தொடங்கப்பட்ட ‘லிவாய்வாய்’ வார இதழ் தகலோக் தொடர்கதைகளுக்குப் பெரும் களமாக இருந்தது. அதில் செவெரினோ ரேயெஸ் என்ற நாடகாசிரியர் 1925 முதல் ‘லோலா பஸ்யாங்’ என்ற கற்பனைப் பாட்டியின் வாய்மொழியாக எழுதிய கதைகளில் இளவரசர்களும் மாயக் குழல்களும் தூரதேசங்களும் நிறைந்திருந்தன. பிறகு மலிவு விலைச் சித்திரக்கதைத் தாள்களும், அவற்றுக்குப் பின் கைக்கடக்கமான காதல் நாவல்களும் அந்த இடத்தைப் பிடித்தன. கனடாவின் டொராண்டோவில் 2006இல் தொடங்கப்பட்டு, 2021 முதல் தென்கொரியாவின் நேவர் நிறுவனத்தின் வசமிருக்கும் வாட்பேட், ஏற்கெனவே தயாராக இருந்த இந்த வாசகர் கூட்டத்தைச் சென்றடைந்தது. இன்று அதன் மிகப் பெரிய வாசகர் தளங்களுள் பிலிப்பைன்ஸும் ஒன்று. கதையைக் காசில்லாமல் படிக்கலாம், பழைய கைப்பேசியிலும் படிக்கலாம் என்ற இரண்டு வசதிகள் அதற்குப் போதுமானவையாக இருந்தன. 2014இல் இத்தகைய தொடர்கதைகள் சில திரைப்படங்களாக வந்து கூட்டம் சேர்த்ததும், பதிப்பகங்களும் தொலைக்காட்சிகளும் இளம் எழுத்தாளர்களைத் தேடி வந்தன.

கேள்வி: ஹேடிஸ் பெர்செபனியைக் கடத்திச் சென்றான் என்பதுதானே பழைய கதை? அதை இனிய காதல் கதையாக மாற்றுவது சரியா?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: மாற்றும் உரிமை எந்தக் கதைசொல்லிக்கும் உண்டு. எதை மாற்றுகிறார், எதை மறைக்கிறார் என்று பார்க்கும் உரிமை வாசகருக்கும் உண்டு. பெர்செபனியின் தாயான டெமிட்டரைப் போற்றும் பழங்கிரேக்கப் பாடலில், பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாதாளத்து அரசன் அவள் விருப்பமின்றித் தூக்கிச் செல்கிறான்; அதற்கு அவளைப் பெற்ற தந்தையே இசைந்திருக்கிறார். இன்றைய மறுகூறல்களில் அவள் தானாகவே பாதாளத்துக்கு இறங்கிச் செல்வதாகவும், அங்கே அரசியாகத் தன் அதிகாரத்தைக் கண்டடைவதாகவும் எழுதுகிறார்கள். பெண்ணின் சம்மதத்தைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவரும் மறுகூறலை நான் மனமார வரவேற்கிறேன். பெண்ணைப் பூட்டிவைக்கும் ஆணின் பிடிவாதத்தையே காதலின் ஆழம் என்று காட்டும் கதைகளும் அதே தலைப்புகளில் வருகின்றன. பதின்வயதினர் மிகுதியாகப் படிக்கும் இடத்தில் அவை உண்டாக்கும் தீங்கு சிறிதன்று. இவற்றை எழுதுவோரும் பெரும்பாலும் இளையோரே என்பதால் அவர்களைப் பழிப்பதில் பயனில்லை. கதை எங்கே பிசகியது என்று பின்னூட்டத்தில் பொறுமையாக எடுத்துச்சொல்லும் வாசகர்களே அவர்களுக்குத் தேவை.

இதில் எனக்கு வேறொரு ஏக்கமும் உண்டு. அந்தப் பழைய பாடலின் உயிர் ஹேடிஸிடம் இல்லை, மகளைத் தேடித் தீப்பந்தங்களோடு ஒன்பது நாள் உண்ணாமல் அலைந்த தாயிடம் இருக்கிறது. ஹாங்காங்கிலும் வளைகுடா நாடுகளிலும் அடுத்தவர் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு தம் குழந்தைகளைத் திரையில் மட்டும் பார்க்கும் தாய்மார் பலரைக் கொண்ட நாட்டில், டெமிட்டரின் கதையை எழுதுவதற்கு எவ்வளவு இடமிருக்கிறது! அப்படி ஒரு நல்ல மறுகூறலைத் தாங்கள் படித்திருந்தால் அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸில் இராமாயணம் உண்டு என்று கேள்விப்பட்டேன். உண்மைதானா?
(ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: உண்மைதான். மிண்டனாவ் தீவில் லனாவ் ஏரிக்கரையில் வாழும் மரனாவ் மக்களிடம் ‘மகராடியா லாவானா’ என்ற உரைநடைக் கதை வழங்கிவந்தது. அதைத் திரட்டி மொழிபெயர்த்து 1969இல் வெளியிட்டவர் ஹுவான் பிரான்சிஸ்கோ. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிலிப்பைன்ஸ் நாட்டு அறிஞர் அவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மரனாவ் மக்கள் இஸ்லாமியர்கள். ஆகவே கதையின் தொடக்கத்தில் தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் பல தலை லாவானாவுக்காக இறைவனிடம் சென்று முறையிடுபவர் வானவர் ஜிப்ரீல். அவனுடைய நாட்டிலேயே உள்ள ஒரு சாணைக்கல்லில் தீட்டிய ஆயுதத்தைத் தவிர வேறெதனாலும் அவனுக்குச் சாவு இல்லை என்று வரம் கிடைக்கிறது. இராமனுக்கு நிகரான மங்கந்திரியும் அவன் தம்பி மங்கவர்ணாவும் கடல் கடந்து போகிறார்கள். அங்கே இளவரசியை வெல்ல மங்கந்திரி வில்லை ஒடிப்பதில்லை, பிரம்புப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ‘சீபா’ விளையாட்டில் வெல்கிறான். அனுமனின் பணிகளைச் செய்யும் குரங்கின் பெயர் லக்ஸமனா. மங்கந்திரியின் மகனாகவே பிறந்த அந்தக் குரங்கு, கதை முடிவில் அழகிய இளவரசனாக உருமாறுகிறது. வில்லொடிந்த ஓசையைக் கம்பன் கவியில் கேட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சபையின் நடுவே தன் திறமையைக் காட்ட ஒரு மரனாவ் இளைஞனுக்கு வாய்த்த மிகச் சிறந்த வழி அந்தப் பந்தாட்டந்தான். கதைசொல்லி தன் மக்களுக்காகவே அந்தக் கதையைச் சொன்னார். இன்று மணிலாவில் ஒரு கல்லூரி மாணவி கிரேக்கத் தெய்வமான அப்பல்லோவைக் கூடைப்பந்து வீரனாக்கி எழுதினால், அவள் இந்தப் பெயரறியாக் கதைசொல்லியின் வழியிலேயே நடக்கிறாள்.

கேள்வி: இணையத்தில் ‘பிலிப்பைன்ஸ் தெய்வங்களின் பட்டியல்’ என்று பல படங்களுடன் கிடைக்கிறது. கதை எழுத அதை நம்பலாமா?
(ஓர் இளம் எழுத்தாளர், கோயம்புத்தூர்)

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். கிரேக்கரின் ஒலிம்பஸ் மலையில் ஒரே குடும்பமாகத் தெய்வங்கள் வீற்றிருப்பதுபோல ஓர் ஏற்பாடு பிலிப்பைன்ஸில் இருந்ததில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் மக்கள் தத்தமக்கெனத் தெய்வங்களையும் கதைகளையும் வைத்திருந்தார்கள். தகலோக் மக்களின் தலைமைத் தெய்வமான பத்தாலாவையும், விசாயா கடலில் நிலவை விழுங்கும் பக்குனாவா நாகத்தையும், இஃபுகாவ் மலைமக்களின் தெய்வங்களையும் ஒரே வம்ச மரத்தில் தொங்கவிடும் பட்டியல்கள் கிரேக்க அச்சில் வார்க்கப்பட்டவை. பிற்காலத்தில் யாரோ புனைந்த பெயர்களும் அவற்றில் கலந்துவிடுகின்றன. எழுதுவோர்க்கு என் வேண்டுகோள் இதுதான்: இந்தக் கதை எந்த மக்களுடையது, யார் யாரிடம் கேட்டுப் பதிவு செய்தார் என்ற இரண்டையும் விசாரித்த பிறகு எழுதுங்கள்.

பம்பங்கா பகுதிக் கதையொன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாலா இறந்தபின் உலகை யார் ஆள்வது என்று மகன் அபொலாகிக்கும் மகள் மயாரிக்கும் மூங்கில் தடிகளால் சண்டை மூள்கிறது. மயாரி ஒரு கண்ணை இழக்கிறாள். மனம் வருந்திய அண்ணன் ஆட்சியைத் தங்கையோடு பகிர்ந்துகொள்கிறான்; பகல் அவனுக்கு, இரவு அவளுக்கு. நிலவொளி கதிரொளியைவிட மங்கலாக இருப்பதற்கு அந்த ஒற்றைக் கண்ணே காரணமாம். இந்தச் சிறு கதைக்குள் வாரிசுரிமையும் குற்றவுணர்வும் சமரசமும் எல்லாம் இருக்கின்றன. இதற்கு மேல் மயாரியைக் கிரேக்கர் நிலவோடு இணைத்த ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்கு இணையாக நிறுத்தி விளக்க வேண்டிய தேவையே இல்லை.

பதிவு செய்தவர்களையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். பனாய் தீவின் மலைகளில் பாடப்பட்ட ‘ஹினிலாவோட்’ காப்பியத்தை மானிடவியலாளர் லாண்டா ஹொகானோ 1950களில் ஒலிநாடாவில் பதிவு செய்திராவிட்டால் இன்றைய மறுகூறல்கள் பல பிறந்தேயிருக்கா. அதே தீவின் காப்பியப் பாடகர் ஃபெடரிகோ கபல்யேரோவுக்கு 2000இல் அரசு தேசிய வாழும் கலைச்செல்வர் விருது அளித்தது. இஃபுகாவ் மக்களின் ‘ஹுட்ஹுட்’ பாடல்களும் மரனாவ் மக்களின் ‘தராங்கென்’ காப்பியமும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008 முதல் உள்ளன. இவற்றைப் பாடத் தெரிந்த முதியோர் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதை எண்ணும்போது, பட்டியல்களைப் பார்த்து அவசரமாக எழுதப்படும் கதைகளின்மீது எனக்கு வருத்தம் கூடுகிறது.

கேள்வி: தகலோக் தெரியாத நான் எங்கிருந்து தொடங்கலாம்?
(ஒரு வாசகி, கொழும்பு)

பதில்: ‘த்ரெஸே’ என்ற சித்திரக்கதைத் தொடரிலிருந்து தொடங்குங்கள். பட்ஜெட் டானும் காஹோ பல்திசிமோவும் 2005இல் நகலெடுத்த தாள்களாக விற்கத் தொடங்கிய இத்தொடர், 2021இல் நெட்ஃபிளிக்ஸில் அசைவூட்டத் தொடராகவும் வந்தது. மணிலா நகரின் இரவில் அஸ்வாங், திக்பலாங் போன்ற நாட்டார் உருவங்கள் செய்யும் குற்றங்களை ஒரு பெண் துப்பறிகிறாள். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதால் தங்களுக்குச் சிரமமிராது. அடுத்ததாக ஆர்னால்ட் அர்ரே 1999இல் வெளியிட்ட ‘தி மித்தாலஜி கிளாஸ்’. பழங்காப்பிய வீரர்களும் இன்றைய கல்லூரி மாணவர்களும் அதில் ஒன்றுசேர்ந்து போராடுகிறார்கள். மினா எஸ்கெர்ராவின் ‘இன்டரிம் காடஸ் ஆஃப் லவ்’ காதல் தெய்வத்தின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்கும் கல்லூரி மாணவியைப் பற்றிய மின்னூல். 2012இல் ஆசிரியரே வெளியிட்ட அந்நூல் இணைய வாசகர்களின் மனநிலைக்கு மிகவும் நெருக்கமானது.

மகாபாரதத்தில் ஆர்வமிருந்தால் அமெரிக்காவில் வாழும் ரோஷனி சோக்ஷியின் ‘ஆரு ஷா’ வரிசையைப் படிக்கலாம். தாய்வழியில் பிலிப்பைன்ஸும் தந்தைவழியில் இந்தியாவும் கொண்ட அவர், பாண்டவர் இக்காலத்துச் சிறுமிகளாக மறுபிறவி எடுத்தால் என்ன ஆகும் என்று 2018 முதல் எழுதினார். சிறுவர்க்கான வரிசைதான், பெரியவர்களும் தயங்காமல் படிக்கலாம். எட்கர் கலாபியா சமாரின் ‘ஜேனஸ் சிலாங்’ வரிசை இவை எல்லாவற்றிலும் ஆழமானது என்பது என் கருத்து. கணினி விளையாட்டுப் போட்டியொன்றில் உடன் ஆடியவர்கள் மடிந்துவிழ, தான் மட்டும் பிழைத்த சிறுவனின் கதை அது. 2014இல் முதல் பாகம் ஃபிலிப்பினோ மொழியில் வெளிவந்தது. அம்மொழி கற்கும் எண்ணம் தங்களுக்கு எப்போதாவது எழுமானால், அந்த நூலை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.