பக் கீ: சேலம், ஏற்காடு ஹாம்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் பக் கீ பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கீ என்பது மோர்ஸ் குறியின் புள்ளியையும் (டிட்) கோட்டையும் (டா) அனுப்பும் கருவி. பக் அதில் ஒரு அரை ஆட்டோமேட்டிக் வகை. ஆண்டெனா, ரிப்பீட்டர் சங்கதிகளை இன்னொரு நாள் பார்க்கலாம்.

அழகாபுரம்: சார், பக் அரை ஆட்டோமேட்டிக் என்கிறார்களே, பேட்டரி எங்கே போடுவது?

பேட்டரியே கிடையாது, முழுக்க இயந்திரம். லீவரைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளிப் பிடித்தால், பின்னால் எடை மாட்டிய கம்பி அதிரும். அதிர்கிற வரை டிட் டிட் டிட் என்று புள்ளிகள் தாமாகவே விழும். கோட்டுக்கு அந்த உதவி இல்லை. ஆள்காட்டி விரலால் இடப்பக்கம் தள்ளி, ஒவ்வொரு டாவுக்கும் நீளத்தை நாமேதான் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கச் சாதாரணக் கீயை மேலும் கீழும் அடித்து அமெரிக்கத் தந்திக்காரர்களுக்குக் கை மரத்துப்போனது. அவர்களுக்காக ஹோரஸ் மார்ட்டின் என்பவர் 1900களின் தொடக்கத்தில் கொண்டுவந்ததுதான் வைப்ரோபிளெக்ஸ். இன்றைக்கும் நாம் பிடிப்பது அதே அமைப்பைத்தான்.

ஓமலூர்: அண்ணா, பொது வகை உரிமத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் போதும் என்கிறார்கள். பக்கிலேயே பழகிக்கொள்ளட்டுமா?

வேண்டாம் தம்பி. 8 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 150 மில்லி வினாடி. சாதாரண பக் அவ்வளவு மெதுவாக ஆடாது. கூடுதல் எடை போடாமல் 20 சொல்லுக்குக் கீழே இறக்குவதே பெரும்பாடு. மேலும் கீழும் அடிக்கிற சாதாரண நேர்க் கீயில் பழகுங்கள். பக் கையில் இருந்தால் வேகம் மட்டும் ஏறும், காது ஏறாது. கேட்டு எழுத முடியாத வேகத்தில் அனுப்பாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் தொலைத்தொடர்புத் துறையின் நடப்பு அறிவிப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆத்தூர்: புது ரேடியோவில் பக்கை மாட்டியதும் டா டா டா என்று நிற்காமல் ஓடுகிறது. பக் கெட்டுவிட்டதா?

பக்கில் பழுது இல்லை, பிளக்தான் காரணம். மோனோ பிளக் போட்டிருப்பீர்கள். அது ரேடியோவின் நடு வளையத்தை எர்த்தோடு சேர்த்துவிடும். உள்ளே இருக்கும் கீயர் (புள்ளியையும் கோட்டையும் தானே போடும் மின்னணுச் சுற்று) அதை 'டா பேடில் அமுங்கியிருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ பிளக் வாங்கி, நுனியிலும் அடிப்பகுதியிலும் மட்டும் ஒயர் வையுங்கள். வளையம் காலியாக இருக்கட்டும். பிறகு மெனுவில் கீயரை அணைத்து நேர்க் கீ என்று மாற்றுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: பழைய பக் ஒன்று கிடைத்தது. புள்ளிகள் கரகரவென்று உடைந்து வருகின்றன. முனையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தொட்டு மின்சாரம் கடத்தும் முனைகள் வெள்ளி. கீறல் விழுந்தால் அதற்குள் அழுக்கு சேர்ந்து இன்னும் மோசமாகும். வெள்ளைத் தாளைக் கீற்றாக நறுக்கி, முனைகளுக்கு நடுவே வைத்து லேசாக அமுக்கி இழுங்கள். முனையின் கறுப்பெல்லாம் தாளில் ஒட்டி வந்துவிடும். பழைய காலத்தில் கீ வழியாக நல்ல மின்னோட்டம் ஓடியதால் மெல்லிய கறுப்புப் படலம் தானாகவே எரிந்துபோகும். இன்றைய ரேடியோக்கள் சில மில்லி ஆம்பியர்தான் அனுப்புகின்றன. அதனால் கொஞ்சம் கறுத்தாலும் புள்ளி உடையும். ஏற்காட்டுக்காரர்கள் மழைக்காலத்தில் பக்கை மூடியே வையுங்கள்.

அதன்பிறகு இந்த வரிசையில் சரிசெய்யுங்கள். முதலில் லீவர் மேலும் கீழும் ஆடாமல், பக்கவாட்டில் மட்டும் தடையின்றித் திரும்ப வேண்டும். அடுத்து, அதிர்வை அடக்கும் டாம்பர்: லீவர் சும்மா இருக்கும்போது அதிர்வுக் கம்பியின் நுனி அதை மெல்லத் தொட்டு அசையாமல் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். லீவரை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு, அதிர்வை விரலால் நிறுத்துங்கள். அந்த நிலையில் புள்ளித் திருகை முன்னே கொண்டுவந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் பூட்டுங்கள். புள்ளியும் இடைவெளியும் சரிபாதியாக அமைவது அங்கேதான். எடையைப் பின்னால் தள்ளினால் மெதுவாகும், முன்னால் கொண்டுவந்தால் வேகமாகும். வினாடிக்கு எத்தனை புள்ளி விழுகிறது என்று எண்ணி 2.4ஆல் பெருக்கினால் சொல் வேகம் கிடைத்துவிடும். 10 புள்ளி என்றால் 24 சொல்.

இவ்வளவுக்குப் பிறகும் கரகரத்தால், புள்ளி முனையின் வளைந்த வில்லுக்குள் சின்னத் துண்டு பஞ்சு நுரை வைத்துப் பாருங்கள். முனையே தேய்ந்துபோயிருந்தால் உங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார்கள். கொலுசுப் பட்டறைக்காரர் புது முனை வைத்துத் தருவார். ஆனால் வில்லோடு சேர்த்துப் பற்றவைக்க விடாதீர்கள். சூடு ஏறினால் வில்லின் முறுக்கு போய்விடும். தட்டிப் பொருத்தித் தரச் சொல்லுங்கள்.

நாகலூர் எஸ்டேட்: ஐயா, நீங்கள் அளவு அளவு என்றே சொல்கிறீர்கள். கோட்டைக் கொஞ்சம் இழுத்து அனுப்புவதுதானே பக்கின் அழகு? என் கையை, அதாவது அனுப்பும் பாணியை, கேட்டவுடன் நான்தான் என்று நண்பர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

கைக்கு ஒரு அடையாளம் இருப்பதை நானும் விரும்புகிறேன். போர்க்கால ஆபரேட்டர்களைக்கூட கையை வைத்தே அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆனால் உங்களைத் தெரிந்த நண்பருக்குத்தான் அது அழகு. உங்களை முதன்முதலாகக் கேட்கிற ஆளை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர் அழைப்புக்குறியின் தொடக்கமான VU2-வையே எடுத்துக்கொள்வோம். வி என்றால் மூன்று புள்ளி, ஒரு கோடு. யு என்றால் இரண்டு புள்ளி, ஒரு கோடு. 2 என்றால் இரண்டு புள்ளி, மூன்று கோடு. மூன்றுமே புள்ளியில் தொடங்கிக் கோட்டில் முடிகின்றன. கட்டைவிரல் விட்டு ஆள்காட்டி விரல் பிடிக்கிற அந்த இடத்தில்தான் பக் காரர்களின் கை தடுமாறும். அங்கே சற்றே தாமதித்தால் வி என்பது எஸ், டி (S, T) என்று இரண்டு எழுத்தாகிவிடும். யு உடைந்தால் ஐ, டி (I, T). கட்டைவிரலை எடுக்க மறந்து ஒரு புள்ளி கூடினால் யு வி ஆகிவிடும், வி 4 ஆகிவிடும். 2 என்பது 3 ஆனால் அழைப்புக்குறியே வேறொருவருடையது! கோடு மூன்று புள்ளி நீளம் என்ற கணக்கும் இதற்காகத்தான். புள்ளியை 25 சொல் வேகத்தில் ஓடவிட்டு, கோட்டை 15 சொல் வேகத்தில் போட்டால், கோடு ஐந்து புள்ளி நீளமாகிறது. கேட்பவர் எந்த வேகத்துக்குக் காதைப் பழக்குவார்?

ஏற்காடு டவுன்: அப்படியானால் எலெக்ட்ரானிக் கீயர் வாங்கிவிட்டால் தீர்ந்தது. எதற்கு இந்த வம்பு?

எழுத்துக்குள் இருக்கும் அளவைக் கீயர் பார்த்துக்கொள்ளும், உண்மைதான். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று புள்ளி நீளம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு புள்ளி நீளம் என்ற இடைவெளி அப்போதும் உங்கள் கையில்தான். கீயரில் ஒட்ட ஒட்ட அனுப்புகிறவர்களை 7 மெகாஹெர்ட்ஸில் தினமும் கேட்கிறேன். பக் பழகியவர் இடைவெளியைக் காதால் கேட்டே தீர வேண்டியிருப்பதால், அவர் கீயருக்குப் போனாலும் தெளிவாக அனுப்புகிறார்.

நாகலூர் எஸ்டேட்: ஐயா, என் கோடு நீளம் என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லையே!

முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? உங்கள் அழைப்புக்குறியைப் பத்துமுறை அனுப்பிப் பதிவு செய்து, மறுநாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து அந்நியர் அனுப்பியதாக எண்ணி எழுதிப் பாருங்கள். அதில் 2 சரியாக வந்திருக்கிறதா, 3 ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் சொல்வதை அப்போது ஏற்றுக்கொள்கிறேன்.

அம்மாப்பேட்டை: மோர்ஸை எழுத்தாக்கும் மென்பொருள் டிகோடர், என் பக்கைப் படிக்க மாட்டேன் என்கிறது.

மேலே நாகலூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மேட்டூர்: சார், பக் மாட்டினால் டா நிற்காமல் வருகிறது.

ஆத்தூர் பதில்.

ஏற்காடு டவுன்: 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். பக் சிக்னல் இன்னும் தூரம் போகும்தானே?

வி.எச்.எஃப்.பில் (மிக உயர் அதிர்வெண்) உயரம் கை கொடுக்கும். 7, 14 மெகாஹெர்ட்ஸில் தூரத்தைத் தீர்மானிப்பது அயனி மண்டலம். எந்தக் கீ என்பதற்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சித்திரை, வைகாசி இடிமழையில் மட்டும் ஆண்டெனா ஒயரைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி: இடக்கைக்காரன் நான். பக்கைத் திருப்பி வைக்கலாமா?

முடியாது. இடக்கை மாடல் தனியாக வருகிறது, அதைத் தேடுங்கள்.

சூரமங்கலம்: டா நிற்காமல் ஓடுகிறது...

பிளக்! வளையத்தைக் காலியாக விடுங்கள். கீயரை அணையுங்கள்.

ஓமலூர்: தாத்தாவின் வால்வு டிரான்ஸ்மிட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் பக் மாட்டலாமா?

அவசரப்படாதீர்கள். கேத்தோடு வழியாகக் கீ செய்யும் பழைய செட்டுகளில் கீ முனையிலேயே நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பக்கின் உலோக உடம்பு முழுவதும் சுற்றின் ஒரு பக்கத்தோடு இணைந்தது. அந்தப் பக்கம் தவறிப்போய் உயர் மின்னழுத்தத்தில் மாட்டிவிட்டால், கை வைத்த இடமெல்லாம் ஷாக். கீயை மாட்டாமல், வால்வு செட் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீ ஜாக்கில் எவ்வளவு வோல்ட் வருகிறது, எந்தப் பக்கம் எர்த் என்று மீட்டரில் அளந்து எழுதுங்கள். நடுவே ஒரு ரிலே போட வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.